பிரெய்னெர்ட் பேதி: கிருமி பிடிபடாத ஒரு வயிற்று நோயின் கதை

அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் பிரெய்னெர்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் ஏரிகள், காடு, நடுநடுவே பால் பண்ணைகள். 1983ஆம் ஆண்டின் கடைசியில் அந்த வட்டாரத்தில் சிலருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அடுத்த சில மாதங்களில் எண்ணிக்கை 122 ஆனது.

122 என்பது பெரிய எண் இல்லை. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு கெட்டுப்போனால் ஒரே ராத்திரியில் அதைவிட அதிகம் பேர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள். ஆனால் அந்தப் பேதி இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும், மிஞ்சினால் ஒரு வாரம். பிரெய்னெர்டில் வந்தது அடங்கவில்லை. வாரங்கள் போயின, மாதங்கள் போயின. பாதிப் பேருக்கு ஒரு வருடம் தாண்டியும் நீடித்தது. அதனால்தான் ஊரின் பெயரே நோயின் பெயராகி, இன்றும் மருத்துவ நூல்களில் 'பிரெய்னெர்ட் பேதி' என்று இருக்கிறது.

நாள்பட்ட வயிற்றுப்போக்கைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நான் இந்த நிகழ்வுக்குத்தான் திரும்பி வருவேன். காரணமான கிருமி கடைசி வரை கிடைக்கவில்லை. இருந்தும் நோய் எந்த வழியாக வந்தது, யாரிடமிருந்து யாருக்குப் பரவாது, எந்த மருந்து பலிக்கும், எது பலிக்காது என்பதெல்லாம் கண்டுபிடிக்கப்பட்டது. 'ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை' என்று சொல்லி அனுப்பப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும் இந்தக் கதையில் விஷயம் இருக்கிறது.

நோய் எப்படி இருந்தது

திடீரென்று ஒரு நாள் தொடங்கும். தண்ணீராகப் போகும். ஒரு நாளைக்குப் பத்து முறை, மோசமான நாட்களில் இருபது முறை. காய்ச்சல் இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை, வாந்தியும் அநேகமாக இல்லை. லேசான வயிற்றுப் பிடிப்பு, வாயு, கொஞ்சம் எடைக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் வந்தால் தாங்காது. கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆடையிலேயே போய்விடுவதும் நடந்தது.

எண்ணிக்கையைவிட இந்த அவசரம்தான் ஒருவரின் வாழ்க்கையைக் கலைத்துப் போடுகிறது. பேருந்தில் ஏற முடியாது. கோயில், கடை, துக்க வீடு என்று எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்து பட்டினி கிடப்பார்கள். ஒரு வாரம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாம். ஒரு வருடம் இப்படி என்றால் வேலை போகும், மனம் ஒடிந்துபோகும். வெளியே சொல்லவும் கூச்சம்.

இன்னொரு கொடுமை, நோய் ஒரே சீராக இருக்காது. சில வாரம் தணியும், 'அப்பாடா, போய்விட்டது' என்று மூச்சு விடுவார்கள், மறுபடி தலைதூக்கும். போகப்போக இந்த ஏற்ற இறக்கத்தின் வேகம் குறைந்து, ஒருநாள் தானாகவே நின்றுபோகும்.

விசாரணை

மினசோட்டா சுகாதாரத் துறையில் அப்போது இருந்த மைக்கேல் ஆஸ்டர்ஹோமும் அவருடைய குழுவினரும் இதைக் கையில் எடுத்தார்கள். முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார்கள்: மலத்தைச் சோதித்தார்கள். வழக்கமான பாக்டீரியாக்களான சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர் எதுவும் இல்லை. ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் இல்லை. வைரஸும் சிக்கவில்லை. அப்போது ஆய்வகங்களில் இருந்த வசதிகளை எல்லாம் பயன்படுத்தியும் கை விரிக்க வேண்டியதாயிற்று.

பல இடங்களில் இத்தோடு கோப்பை மூடியிருப்பார்கள். இவர்கள் மூடவில்லை. நுண்ணோக்கியை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வித்தாளை எடுத்தார்கள். நோய் வந்தவர்கள் ஒரு பக்கம், அதே ஊரில், ஏறக்குறைய அதே வயதில் இருந்தும் நோய் வராதவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பிடமும் ஒரே கேள்விகள்: எங்கே சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வெளியூர் போனீர்களா, வீட்டில் மாடு கன்று உண்டா? நோயாளியிடம் மட்டும் கேட்டால் அவர் சாப்பிட்ட எல்லாமே குற்றவாளி மாதிரிதான் தெரியும். நோய் வராதவரும் அதே ரொட்டியை, அதே கறியைச் சாப்பிட்டிருக்கிறார் என்று தெரிந்தால் அவையெல்லாம் பட்டியலிலிருந்து கழன்றுகொள்ளும். மிச்சம் நிற்பதுதான் துப்பு.

மிச்சம் நின்றது பால். அதுவும் குறிப்பிட்ட ஒரு பண்ணையின் பால், பதப்படுத்தாத பால். கறந்த பாலை அப்படியே காய்ச்சாமல் வாங்கிக் குடிப்பவர்கள் அங்கே உண்டு. கடையில் விற்கும் பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். அந்த 15 விநாடியைத் தாண்டாத பால்தான் இங்கே வில்லன்.

இன்னும் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. நோய் உடனே வருவதில்லை. உள்ளே போனதற்கும் பேதி தொடங்குவதற்கும் நடுவே பத்து நாள் முதல் ஒரு மாதம் வரை இடைவெளி இருக்கலாம். நேற்று என்ன சாப்பிட்டோம் என்று மட்டும் யோசிக்கும் நோயாளிக்குக் காரணம் ஏன் பிடிபடவில்லை என்பது இதிலேயே புரியும். இரண்டாவது, நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அவரிடமிருந்து தொற்றியதாக எந்தத் தடயமும் இல்லை. குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! நோயாளியைத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. கை கழுவுவது எப்போதும் போலத் தொடர வேண்டும், அது வேறு.

இந்த ஆய்வு 1986இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. அதற்குள் அடுத்த சம்பவங்களுக்கு மேடை தயாராகிவிட்டது. 1987இல் இல்லினாய் மாநிலத்தின் ஹென்டர்சன் கவுண்டியில் 72 பேருக்கு இதே மாதிரிப் பேதி. அங்கே பால் இல்லை. ஓர் உணவகத்தின் சுத்திகரிக்காத கிணற்றுத் தண்ணீர். 1992இல் தென் அமெரிக்காவின் கலாபகஸ் தீவுகளைச் சுற்றிப் பார்க்கப் போன ஒரு சுற்றுலாக் கப்பலின் பயணிகளில் 58 பேர் மாட்டினார்கள். கப்பலில் தண்ணீரைச் சேமித்த விதமும் குளோரின் போட்ட விதமும் சரியில்லை. அவர்களில் சிலருக்கு மூன்றரை வருடம் கழித்தும் நிற்கவில்லை. 1996இல் டெக்சஸ் மாநிலத்தில் இன்னும் பலருக்கு இதே பேதி. காய்ச்சாத பால், சுத்தம் செய்யாத தண்ணீர் என்ற இரண்டின் மீதுதான் பெரும்பாலும் சந்தேகம் விழுந்தது.

குடலுக்குள் என்ன நடந்தது

கலாபகஸ் பயணிகள் சிலருக்குப் பெருங்குடலில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. புண் இல்லை, கட்டி இல்லை. ஆனால் சுவரிலிருந்து கடுகளவு சதை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது வேறு காட்சி. குடலின் உள்பக்கத்தில் வரிசையாக நிற்கும் மேல்தோல் செல்களுக்கு இடையிடையே லிம்போசைட் என்னும் வெள்ளணுக்கள் வழக்கத்துக்கு அதிகமாக நுழைந்து உட்கார்ந்திருந்தன. மேல்தோல் சிதையவில்லை. எதற்கோ எதிராகக் குடல் விழித்துக்கொண்டது, எதிரி போன பிறகும் உறங்கவில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஆனாலும் இது ஊகம்தான்.

இதில் எல்லோருக்கும் பயன்படும் ஒரு பாடம் உண்டு. நாள்பட்ட தண்ணீர்ப் பேதிக்குக் கொலோனோஸ்கோபி என்னும் இந்தக் குழாய்ப் பரிசோதனை செய்தால், உள்ளே எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும் சதைத் துணுக்கு எடுத்தாக வேண்டும். எடுக்காமல் 'நார்மல்' என்று எழுதிக் கொடுக்கும் அறிக்கை பாதி அறிக்கைதான். நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் குடல் அழற்சி ஒன்று நடுவயதைத் தாண்டிய பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. அதற்குப் புடெசொனைடு என்ற நல்ல மருந்து இருக்கிறது. துணுக்கு எடுக்காவிட்டால் அந்த மருந்து அவர்களுக்குக் கிடைக்காமலே போகும்.

என்ன மருந்து கொடுத்தார்கள்

பலவகை ஆன்டிபயாடிக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலனில்லை. அழற்சியைக் குறைக்கும் மருந்துகளும் கைகொடுக்கவில்லை. ஓரளவு உதவியது குடலின் ஓட்டத்தை மெதுவாக்கும் லோபரமைடு வகை மருந்துகள் மட்டுமே, அதுவும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சற்று உயர்ந்த அளவில். அவையும் நோயைத் தீர்க்கவில்லை. ஒருவர் வெளியே போய்வர, இரவில் தூங்க, வேலையைத் தக்கவைத்துக்கொள்ள உதவின. அதுவே பெரிய காரியம் என்பேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கலில் அட்டையை வாங்கி இஷ்டத்துக்கு விழுங்கிவிடக் கூடாது. பெரியவர்களுக்கே லோபரமைடின் உச்ச வரம்பு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம். அதுவும் மருத்துவர் பார்வையில். வரம்பு மீறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் இருந்தாலோ தொடவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

இங்கே வேலூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1960களில் தொடங்கி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேக்கர், மாத்தன் முதலான மருத்துவர்கள் தென்னிந்தியக் கிராமங்களில் பரவிய 'டிராப்பிகல் ஸ்ப்ரூ' நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சங்கிரகணி என்று ஊர்ப்பக்கம் சொல்லும் நாட்பட்ட கழிச்சலின் ஒரு வகை என்று வைத்துக்கொள்ளலாம். அதிலும் கிருமி இதுதான் என்று அறுதியிட முடியவில்லை. ஆனால் அந்த நோயில் சிறுகுடல் சத்தை உறிஞ்சாது. கொழுப்பு மலத்தோடு வெளியேறும், நாக்கு புண்ணாகும், ரத்தசோகை வரும். அங்கே ஃபோலிக் அமிலம், பி12, டெட்ராசைக்ளின் மூன்றும் நோயாளிகளைத் தூக்கி நிறுத்தின. பிரெய்னெர்ட் நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யவில்லை. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஓயாத பேதிதான், இரண்டிலும் கிருமி தெரியாது, ஆனால் சிகிச்சை நேர் எதிர். ஆகவே 'பேதிக்கு மாத்திரை' என்று பொதுவாக ஒன்று கிடையாது.

நம் வீட்டில் ஒருவருக்கு நிற்கவில்லை என்றால்

பிரெய்னெர்ட் பேதி அபூர்வம். உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ மூன்று வாரமாகப் போகிறது என்றால் அது பெரும்பாலும் வேறு காரணம், அதுவும் தீர்க்கக்கூடிய காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால்தான் 'இது பிரெய்னெர்ட்' என்று சொல்வதற்கு முன் மற்றதை எல்லாம் ஒவ்வொன்றாக விலக்கினார்கள். அந்த வரிசையை நாமும் பின்பற்றலாம்.

நாள் கணக்கு முக்கியம். 14 நாளுக்குள் நின்றால் அது சாதாரண பேதி. 14 நாளைத் தாண்டினால் நீடித்த பேதி, 4 வாரத்தைத் தாண்டினால் நாள்பட்டது. இரண்டு வாரம் தாண்டிய பிறகும் மெடிக்கல் ஷாப் அண்ணனிடமே மாத்திரை கேட்டுக்கொண்டிருப்பது சரியில்லை. அங்கே கிடைப்பது பெரும்பாலும் இரண்டு ஆன்டிபயாடிக் கலந்த கூட்டு மாத்திரை. தேவையில்லாமல் அதை மூன்று சுற்று, நான்கு சுற்று போட்டால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, 'க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில்' என்ற கிருமி தலையெடுத்து, பேதி இன்னும் மோசமாகும். மருந்தே நோயாகிவிடும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது.

ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, எடை சரிவு, ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாக வருவது இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் வேண்டாம். சிறுநீர் குறைந்து, எழுந்தால் தலை சுற்றினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் பலருக்குப் பேதி வரவழைக்கும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மெக்னீசியம் கலந்த திரவமும் அப்படித்தான். 'சுகர் ஃப்ரீ' மிட்டாயில் இருக்கும் சார்பிட்டாலும் அப்படியே. இவற்றை நிறுத்தியதுமே, அல்லது மருத்துவர் மாற்றித் தந்ததுமே, மாதக்கணக்கான பேதி நின்றுபோவது உண்டு.

மலத்தை ஒரே ஒரு முறை சோதித்து ஒன்றுமில்லை என்று விட்டுவிடக் கூடாது. ஜியார்டியா ஒவ்வொரு நாளும் மலத்தில் வெளிவராது. வெவ்வேறு நாளில் மூன்று முறை பார்க்க வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம், சைக்ளோஸ்போரா இரண்டும் சாதாரணப் பரிசோதனையில் தெரியாது. 'அதற்கான சாயம் போட்டுப் பாருங்கள்' என்று மருத்துவர் சீட்டில் எழுதினால்தான் ஆய்வகத்தில் பார்ப்பார்கள். ரத்தத்தில் தைராய்டு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான சோதனை, எச்ஐவி. நம் நாட்டில் குடல் காசநோயையும் மறக்கக் கூடாது.

எல்லாம் விலக்கிய பிறகு மிஞ்சுகிறவர்களில் பெரும் பகுதியினர், ஒரு தொற்று வந்துபோன பின் குடல் பழைய நிலைக்குத் திரும்பாதவர்கள். கிருமி போய்விட்டது, ஆனால் குடலின் பதற்றம் போகவில்லை. சிலருக்குப் பால் செரிக்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்திருக்கும். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். தயிரும் மோரும் அநேகமாக ஒத்துக்கொள்ளும். இவர்களிடம் 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்வது அநியாயம். பிரெய்னெர்ட் நோயாளிகளின் குடல் துணுக்கில் வெள்ளணுக்கள் எண்ணித் தெரியும் அளவுக்கு இருந்தன. சோதனை முறை எட்டாத இடத்திலும் நோய் நிஜமாகவே இருக்கும்.

பட்டினி போடாதீர்கள். குழைந்த சாதம், இட்லி, வாழைப்பழம், வேகவைத்த உருளை என்று கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. 20.5 கிராம் ஓஆர்எஸ் பொட்டலம் முழு ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. டம்ளர் டம்ளராகக் கலக்கப் பொட்டலத்தைக் கண்ணளவில் பிரித்துப் போட்டால் உப்பின் அளவு தப்பிவிடும். கலக்கியது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கடையில் விற்கும் பழச்சுவை டப்பா பானங்களில் சர்க்கரை அதிகம், அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். குழந்தைகளுக்கு ஓஆர்எஸோடு துத்தநாக மாத்திரையும் வேண்டும்: நாளுக்கு 20 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 10, மொத்தம் 10 முதல் 14 நாள்.

பாலும் தண்ணீரும்

நம் வீடுகளில் பாலைப் பொங்கவிட்டுக் காய்ச்சும் பழக்கம் இருப்பது நல்லதாயிற்று. ஆனால் சமீப காலமாக 'நாட்டு மாட்டுப் பாலைக் காய்ச்சாமல் குடித்தால் சத்து' என்று வீடியோ போடுகிறார்கள், அதை நம்பிக் குழந்தைக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பிரெய்னெர்டில் அந்தப் பாலைக் குடித்தவர்களும் நல்லது என்று நம்பித்தான் குடித்திருப்பார்கள். மாட்டின் வகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்தப் பாலானாலும் காய்ச்சியே குடியுங்கள்.

தண்ணீருக்குக் குளோரின் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைக் குடித்தே சுமார் 4 லட்சம் பேருக்குப் பேதி வந்தது. குளோரினுக்கு அசராத கிரிப்டோஸ்போரிடியம் வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்ததுதான் காரணம். கொதிநீருக்கு அது தாங்காது. தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். அப்புறம், வீட்டுச் சம்ப்பையும் மாடித் தொட்டியையும் கடைசியாக எப்போது கழுவினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தெருவில் மூன்று நான்கு வீட்டில் ஒரே சமயத்தில் நிற்காத பேதி என்றால் அது தனித்தனி வீட்டுப் பிரச்சினை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள், அல்லது 104க்கு அழையுங்கள். சுகாதார ஆய்வாளர் வந்து குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பார். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். நிறமே வரவில்லை என்றால் எங்கோ குளோரின் போடவில்லை, அல்லது சாக்கடை கலக்கிறது. அவர் கேட்கும்போது நேற்றுச் சாப்பிட்டதை மட்டும் சொல்லாதீர்கள். கடந்த ஒரு மாதத்தில் எங்கே தண்ணீர் குடித்தீர்கள், யார் வீட்டுப் பால், எந்தக் கடை ஜூஸ் என்று எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். பேதி வராத பக்கத்து வீட்டுக்காரரையும் எழுதச் சொல்லுங்கள்.